மறுகேள்வி அண்ணாச்சி

"உங்க அப்பா பேரு என்ன தாயி?" என்று கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். பண்பொழி என்றேன். சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு, மேலே சொல் என்பதுபோல் என் லேப்டாப்பைக் காட்டினார். வெப்சைட்டில் கல்யாண மண்டபத்தின் படங்கள் எங்கே வரும், தேதிகள் எங்கே வரும் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். நடுவில் திடீரென்று, "திருமலைக்கோயிலுக்கு ஏறுத பாதையில மொத வளைவுல ஒரு கிணறு கெடக்குமே, அதுல இப்பம் தண்ணி இருக்கா?" என்றார்.

அங்கே கிணறு ஏது? அப்படியே சொன்னேன். "ஆமா, கிணறு கிடையாது" என்று அவரும் ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் எனக்கு டீ சொன்னார்.

அன்று சாயங்காலம் தென்காசியில் எங்கள் கடைக்குத் திரும்பியதும் இதை என் கணவரிடம் சொன்னேன். கீழே ஜெராக்ஸும் பிரிண்டும் அவருடையது, மாடியில் வெப்சைட் வேலை என்னுடையது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "மறுகேள்வி அண்ணாச்சி" என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர்தான். உண்மையான பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னதாகத் தெரிந்தால், யார் சொல்லச் சொன்னது, எதற்காகச் சொன்னாய் என்று இப்போது அவர் இருக்கிற மதுரை மகன் வீட்டிலிருந்து போன் போட்டாலும் போடுவார்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். தென்காசி, சிவகிரி, ராயகிரி என்று பல ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து அந்தக் காலத்தில் கட்டியது. அதற்கு ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்கு இவர் செயலாளர். முகூர்த்த நாள் என்றால் மெம்பர் குடும்பத்துக்குத்தான் முதலில். அவர்களுக்கு வேண்டாம் என்றால்தான் வெளியாருக்கு. அப்பா மெம்பராக இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் அந்த உரிமை உண்டு. கொரோனா ஓய்ந்து, தள்ளிப்போட்ட கல்யாணங்களெல்லாம் ஒரே நேரத்தில் வரிசை கட்டி நின்ற சமயம் அது. சமையல் கான்ட்ராக்டர்கள் யாராவது ஒரு மெம்பரைப் பிடித்து, அவர் பெயரில் நல்ல தேதியை முன்கூட்டியே எடுத்து, வெளியூர்க்காரர்களுக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் வெப்சைட்டில் மெம்பர் லாகின் வேண்டும் என்று சங்கம் என்னைக் கூப்பிட்டது.

எல்லா வெப்சைட்டிலும் இருப்பதுபோல் ஒரு லாகின் ஃபார்மை வைத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அதை வெண்டைக்காய் ஒடித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாக ஒடித்துப் பார்த்தார்.

"இதென்ன, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?'ன்னு ஒன்னு போட்டிருக்க?"

"மறந்துட்டா அதத் தொட்டாப் போதும் அண்ணாச்சி. புதுசா வச்சிக்கிடலாம்."

"கதவப் பூட்டிட்டு, சாவி இல்லாதவன் இந்தப் பக்கமா வான்னு போர்டும் மாட்டுவாங்களா? எடு அத."

எடுத்தேன்.

"'என்னை நினைவில் வைத்துக்கொள்'. இது யாரு யாருகிட்ட சொல்லுதது?"

"மெம்பர் சொல்லுதது அண்ணாச்சி. அடுத்த தடவ வரும்போது கேக்காம உள்ள விடுங்கன்னு."

"கேக்காம உள்ள விடுததுக்கு நாம எதுக்கு இங்கன உக்காந்திருக்கோம்? அதையும் எடு."

போனுக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால் திறக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். போன் எவன் கையில் வேண்டுமானாலும் இருக்கும், கான்ட்ராக்டர் கேட்டால் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவான் என்றார். பாஸ்வேர்டு என்றேன். காலண்டரில் எழுதிவைப்பான் என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற காலமா இது என்று என்னையே கேட்டார். பிறகு எதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பது என்று எரிச்சலோடு கேட்டேன்.

"சாஸ்தாவ வச்சி" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ மலையடிவாரத்திலோ ஒரு கோயில். பங்குனி உத்திரத்தன்று எங்கே இருந்தாலும் வந்து பொங்கல் வைத்தாக வேண்டும். மும்பையிலிருந்தும் வருவார்கள், துபாயிலிருந்தும் வருவார்கள். பெண்களுக்குக் கல்யாணம் ஆகும்வரை அப்பா வீட்டு சாஸ்தா, ஆன பிறகு கணவன் வீட்டு சாஸ்தா. மதுரை கான்ட்ராக்டருக்கு இது விளங்காது, நம் ஆள் ஒருவனும் மறக்க மாட்டான் என்பது அண்ணாச்சியின் கணக்கு. மெம்பர் எண்ணைப் போட வேண்டும். மெம்பருடைய குடும்ப சாஸ்தா எது என்று கேட்கும். சரியாகச் சொன்னால் கதவு திறக்கும்.

ஆளுக்கு ஒரு விதமாக எழுதிக் குழப்புவார்கள், அதனால் பெயர்களைக் கீழே வரிசையாகக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லலாம் என்றேன். அதற்கு அவர் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மறுநாள் சாஸ்தா பெயர்களை அவரே சொல்லச் சொல்ல, நான் ஏற்றினேன். போகப் போக, நான் கேள்விப்படாத பெயர்களாக வந்தன.

"நெடுமரத்தடி சாஸ்தா எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"எங்கனயும் இல்ல."

"இருபாறை காத்த சாஸ்தா?"

"அதுவும் இல்ல. நானா வச்ச பேரு. நம்ம ஆளு தன் சாஸ்தாவத் தொடுவான். கள்ளன் கண்டதத் தொடுவான். இந்தப் பேருகள எவன் தொட்டாலும் என் போனுக்கு மணி அடிக்கணும், பாத்துக்க."

சாமி பெயரில் பொறி வைக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வேலையில் ஒரு ருசியும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தப்பாகப் போட்டால் என்ன தப்பு என்று சொல்லவே கூடாது, 'விவரம் சரியில்லை, அலுவலகத்துக்கு நேரில் வரவும்' என்று மட்டும் வர வேண்டும் என்றார். கள்ளனை நேரில் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

மெம்பர்களின் விவரங்களை ஏற்றி முடித்தபோது அவருடைய பெயருக்கு எதிரே மட்டும் சாஸ்தா இல்லாமல் காலியாக இருந்தது. கேட்டேன். "நான் அட்மின்லா. எனக்கு எதுக்கு?" என்றார். அட்மினுக்குத் தனி வழி உண்டு, சரிதான். ஆனாலும் எல்லாரிடமும் கேட்கிறவர் தன்னுடையதைச் சொல்லவில்லை என்பது எனக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

அவரோடு பழகப் பழக எனக்கும் அந்த வியாதி தொற்றியது. அவர் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் கிடையாது. ஆபீசைப் பூட்டுவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதோடு விடாமல் கட்டடத்தைச் சுற்றிப் போய், ஜன்னல் கம்பியைத் திருட வந்தவன் மாதிரி ஆட்டிப் பார்ப்பார். அருவிக்குக் குளிக்கப் போனாலும் சாவிக்கொத்து அரைஞாணில்தான் தொங்கும். மெயினருவியில் கூட்டத்துக்கு நடுவே ஜல் ஜல் என்று ஒரு சத்தம் கேட்டால் செயலாளர் தலையைக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம் என்பார்கள். வெள்ளம் அதிகம், குளிக்கத் தடை என்று போலீஸ் சொன்னால், தானே குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா, தடைதான்" என்று ஊருக்கு உறுதி செய்வார்.

மங்குஸ்தான் பழத்தின் அடியில் பூப்போல் ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. குற்றாலத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இவர் இதழை எண்ணிவிட்டு, பழத்தைப் பிளந்து சுளையையும் எண்ணுவார். ஒரு தடவைகூட மாறியதில்லை. பிறகு எதற்கு எண்ணுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "இதுவரைக்கும் மாறல" என்றார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வெப்சைட் ஓட ஆரம்பித்ததும் சிரிப்பு குறைந்தது. ஆவணி மாதத்து நல்ல முகூர்த்தங்கள் சிலவற்றை யாருமே எடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் 'இடமில்லை' என்று காட்டும். போய்ப் பார்த்தால் அட்மினே அடைத்து வைத்திருப்பார். அதாவது இவர்.

"இதுல என்ன விளங்காம இருக்கு ஒனக்கு?" என்றார் என் கணவர். "வெளியாளு எடுக்கக்கூடாதுன்னு ஒரு பூட்டு. மெம்பர் எடுக்கக்கூடாதுன்னு இன்னொரு பூட்டு. ரெண்டு சாவியும் அவரு அரைஞாண்ல. வேண்டியவனுக்கு விடுததுக்குத்தான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வேலி போட்டவனே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்ல? அவரிடமே கேட்டேன். "நல்ல நாளத் தொறந்து போட்டா எவன் கையில போகுமோ. ஆளு மூஞ்சியப் பாத்துட்டு விடுவேன்" என்றார். மூஞ்சியைப் பார்ப்பதற்கு எதற்கு வெப்சைட்? எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் போனில் மெதுவாகப் பேசினால்கூட யாரிடம், எந்தத் தேதிக்கு என்று என் காது அங்கே போக ஆரம்பித்தது.

இப்படி நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டும் அவர் ஊரைச் சந்தேகப்பட்டுக்கொண்டும் இருந்த நாளில் ஒரு காலை அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு குதூகலத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தாயி, மணி அடிச்சிட்டு! இருபாறை காத்த சாஸ்தாவ ஒரு ஆளு தொட்டிருக்கு. சிவகிரி மெம்பர் நம்பரு. அந்த மனுசன் செத்து எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? இன்னைக்கு நேர்ல வாராவளாம். நீ லேப்டாப்ப எடுத்துட்டு ஓடி வா."

சாரலில் நனைந்துகொண்டே வண்டியில் போனேன். கான்ட்ராக்டர் எப்படி இருப்பான் என்று வழியெல்லாம் யோசனை. ஆபீசில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது ஐம்பதை ஒட்டிய ஒரு பெண். வெளுத்த காட்டன் சேலை, நெற்றியில் விபூதி. மடியில் ஒரு துணிப்பை. பெயர் செண்பகம், ராயகிரி. அந்தச் செத்துப்போன மெம்பர் என் அப்பா என்றாள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைக்க வேண்டும், நிச்சயம் முடிந்துவிட்டது.

அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"உங்க அப்பா இந்த மண்டபம் கட்டும்போது வந்திருக்காரா?"

"தெரியாது அண்ணாச்சி."

"சிவகிரில உங்க வீடு எந்தத் தெரு?"

"தெரியாது. நான் கைப்பிள்ளையா இருக்கும்போதே அப்பா போயிட்டாவ. அம்மா என்னத் தூக்கிட்டு ராயகிரிக்கு வந்துட்டா. மாமாமாரு வீட்டுலதான் வளந்தேன். அப்பா வீட்டாளுக அதுக்கப்புறம் எட்டிப் பாக்கல."

வேறு எதையோ பேசினார். மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி. நான் காத்திருந்தேன். வந்தது.

"பங்குனி உத்திரத்துக்கு சின்னப்பிள்ளையில எங்கன போவிய?"

"எங்கயும் போகமாட்டேன். மாமாமாரு அவிய சாஸ்தாவுக்குப் போவாவ. நீ வேற சாஸ்தா பிள்ள, அங்க பொங்கல் வைக்கக் கூடாதுன்னு மாட்டப் பாத்துக்கச் சொல்லி விட்டுட்டுப் போயிருவாவ. என் சாஸ்தா எதும்மான்னு அம்மாகிட்ட கேட்டா, எல்லாம் ஒங்க அப்பாவோட போச்சுன்னு அழுவா. பொறவு கேக்கதையே விட்டுட்டேன்."

"அப்ப எப்படி இருபாறை காத்த சாஸ்தாவத் தொட்டிய?"

 அவள் கடகடவென்று சொல்லிவிட்டாள். நிச்சயத்துக்கு வந்த இடத்தில், எல்லாரும் கூடியிருக்கும்போதே மண்டபத்தை எடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை தன் போனில் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார். குற்றாலத்தில் எங்கள் அப்பா மெம்பர் என்று இவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அந்த மெம்பர் அட்டை ஒன்றுதான் அப்பா வழியில் அவளுக்கு வந்த சொத்து. சாஸ்தா எது என்று போன் கேட்டதும், கல்யாணமான எந்தப் பெண்ணும் சொல்வதுபோல் செத்துப்போன கணவருடைய சாஸ்தாவைச் சொன்னாள். தப்பு என்று வந்தது. அப்பா வழி சாஸ்தாவைச் சொல்லுங்கள் அத்தை என்றார் மாப்பிள்ளை.

"சம்பந்தி வீட்டாளுக எல்லாரும் என் மூஞ்சியப் பாக்காவ. பெத்தவன் சாஸ்தாவே தெரியாதுன்னு எப்படி அண்ணாச்சி சொல்ல? கண்ண மூடிட்டு ஒன்னத் தொட்டேன். இதுதான் எங்க சாஸ்தான்னும் சொல்லிட்டேன். அதுவும் தப்புன்னு வந்துட்டு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "சம்பந்தி இப்ப கூடவே வந்திருக்காவ. வெளிய டீக்கடையில நிக்காவ. சாஸ்தாவையே பொய்யாச் சொல்லுத வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கன்னு கேட்டுட்டாவ. மண்டபம் கிடைக்காட்டாப் போகுது. எம்பிள்ள கல்யாணம் நின்னுரக்கூடாது."

 இந்த மனுஷனுடைய கோணல் புத்தியும் அதற்கு நான் செய்து கொடுத்த வேலையும் சேர்ந்து ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்க்கிறதே என்று அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் என்னடா என்றால் மேஜைமேல் இருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையையே சந்தேகப்படுகிறாரா?

அதற்குள் சம்பந்தி உள்ளே வந்துவிட்டார். செங்கோட்டையில் பத்திரம் எழுதுகிறவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, சுத்தி வளைக்காமக் கேக்கேன். இவிய இருபாறை காத்த சாஸ்தான்னு சொல்லுதாவ. உங்க கம்ப்யூட்டர் இல்லங்குது. நானும் நாலு பேர்ட்ட விசாரிச்சிட்டேன், அப்படி ஒரு சாஸ்தாவ ஒருத்தனும் கேள்விப்படல. நான் பத்திரம் எழுதுத ஆளு. மூலம் தெரியாத சொத்தத் தொடமாட்டேன். உள்ளதச் சொல்லுங்க."

இனி அண்ணாச்சி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்படி ஒரு சாஸ்தாவே இல்லை, நானாக வைத்த பெயர், கள்ளனைப் பிடிக்க வைத்த பொறி என்று. அவர் ஆயுசெல்லாம் காத்திருந்த தருணம் இதுதானே. செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"எங்கன விசாரிச்சிய?" என்றார்.

"செங்கோட்டையில. தென்காசியிலயும்."

"சிவகிரிப் பக்கத்துக் கோயில செங்கோட்டையில விசாரிச்சா எப்படித் தெரியும்?"

பத்திரக்காரர் அசரவில்லை. "அப்ப கம்ப்யூட்டர் ஏன் இல்லங்குது?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இந்தா இருக்குல்லா, இந்தப் பிள்ளதான் எல்லாம் ஏத்துச்சு. இவிய வீட்டு சாஸ்தாவ மாத்தி ஏத்திட்டு. காலையிலதான் கண்டுபிடிச்சேன். ஏட்டி, உன் தப்புதானே இது?"

அதுவரை அவர் என்னை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கெஞ்சல் கிடையாது. நான் காட்டிக்கொடுப்பேனா மாட்டேனா என்று என்னையும் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணாச்சி. என் தப்புதான். மாத்தி ஏத்திட்டேன்" என்றேன்.

பத்திரக்காரர் இப்போதுதான் உட்கார்ந்தார். எந்தத் தேதி, எத்தனை பேர், சாப்பாடு எங்கே என்று மண்டபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அண்ணாச்சியின் முதுகு விறைத்தே இருந்தது. அந்த வித்தையில் பழம் தின்று கொட்டை போட்டவருக்குத் தெரியாதா?

"கோயில் எங்கன இருக்கு அண்ணாச்சி?" என்றார் பத்திரக்காரர், விரிப்பு வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நடுவில்.

"ராயகிரிக்கு மேக்க. மலையடிவாரத்துல. ஒரு ஓடையத் தாண்டணும்."

"எந்த ஓடை?"

அண்ணாச்சியின் கை அரைஞாண் சாவியைத் தேடியது. "பேரெல்லாம் கிடையாது. மழ பெஞ்சா ஓடை, இல்லன்னா வண்டிப்பாத."

"பூசை யாரு பண்ணுதது?"

"பூசாரி கிடையாது. அவியவிய போயிப் பொங்கல் வச்சிக்கிட வேண்டியதுதான்."

"நீங்க போயிருக்கியளா?"

"போயிருக்கேன்."

கண்ணை இமைக்காமல் சொன்னார். பத்திரக்காரர் அவரையே பார்த்தார், அவரும் பார்த்தார். இரண்டு பழைய பாம்புகள் ஒரே பொந்தில் முகம் பார்த்துக்கொண்டதுபோல் இருந்தது. கடைசியில் பத்திரக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க சொன்னாச் சரி" என்றார். நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் மகன் கல்யாணம் நடக்க வேண்டியிருந்ததே. அடைத்து வைத்திருந்த ஆவணி முகூர்த்தங்களில் ஒன்றை அண்ணாச்சி தன் கையாலேயே திறந்து செண்பகத்தின் பெயரைப் போட்டார்.

சம்பந்தி கார் எடுக்கப் போனதும் செண்பகம் மறுபடி உள்ளே வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள், பொய் சொல்லிக் காப்பாற்றினாரே என்று காலில் விழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. அப்படி ஒரு வெளிச்சம்.

"கண்ண மூடிட்டுத்தான் அண்ணாச்சி தொட்டேன்" என்றாள். "சாஸ்தாவே வந்து என் விரல்ல நின்னிருக்காவல்லா? இத்தன வருசம் மாட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தேனே, எங்க அப்பன் சாஸ்தா எங்க ஊருக்கு மேக்கதான் இருந்திருக்காவ. ஒருத்தரும் சொல்லலியே." கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. "பங்குனி உத்திரத்துக்கு மகளையும் மருமகனையும் கூட்டிட்டுப் போகணும். எந்த வழி அண்ணாச்சி?"

அவள் அவரை நம்பிவிட்டாள். ஒரு மறுகேள்விகூடக் கேட்காமல். பத்திரக்காரரிடம் திணறாத மனுஷன் அங்கே திணறினார்.  ஜன்னலைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே உதவிக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவாரா என்று பார்க்கத்தான் நின்றேன்.

"பாத சரியில்ல தாயி" என்றார் கடைசியில். "தனியாப் போகாதிய. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் போன பிறகு நான் லேப்டாப்பை மூடவில்லை. "ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுனிய?" என்று கேட்டேன். ஆளை நம்பாதவர், அட்டையை நம்பாதவர், அருவியை நம்பாதவர், இவளை எப்படி நம்பினார்?

"கள்ளன் எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பான்" என்றார். "நான் பிடிச்சவன் எல்லாம் பதில் சொன்னவன்தான். இவகிட்ட ஒன்னுக்கும் பதில் இல்லையே." பிறகு உடனே பழைய ஆளாகிவிட்டார். "அந்தப் பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துராத. மணியமட்டும் நிப்பாட்டு. பத்திரக்காரன் வீட்டுக்குப் போனதும் மொத வேலையா உள்ள போயி, பேரு இருக்கா இல்ல எடுத்துட்டாங்களான்னு பாப்பான்."

"அப்ப நீங்க போயிருக்கேன்னு சொன்னது?"

"டீ குடிக்கியா?" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பத்திரக்காரரும் அண்ணாச்சியும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அடைத்து வைத்த மற்ற முகூர்த்தங்கள் யார் யாருக்குப் போயின என்று நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாம் மெம்பர்களுக்குத்தான் போயின. அவர்கள் அவருக்கு வேண்டிய மெம்பர்களா, வேண்டாத மெம்பர்களா என்பதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த விஷயத்தில் என் கணவர் இன்னமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பங்குனி உத்திரம் கழிந்து, பேரன் பிறக்கப் போகிறான் என்ற சந்தோஷச் செய்தியோடு செண்பகம் எங்கள் கடைக்கு வந்தாள். வளைகாப்புக்குப் பத்திரிகை அடிக்க வேண்டுமாம். மாடிக்கு அழைத்து உட்காரவைத்தேன். பத்திரிகையில் எதைப் போட வேண்டும் என்று கேட்பதற்கு முன்னாலேயே, சாஸ்தா துணை என்று மேலே போடு, இருபாறை காத்த சாஸ்தா என்று முழுப் பெயரையும் போடு என்றாள். அப்படியென்றால் போயிருக்கிறார்கள். எனக்குக் கை பரபரத்தது. எப்போது, எந்த வழி, யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

வேன் வைத்துப் போனார்களாம். ராயகிரிக்கு மேற்கே தோப்பு தாண்டி, காய்ந்த ஓடை தாண்டி. இரண்டு பாறைகளாம், நடுவில் ஒரு வேம்பு, வேம்படியில் ஒரு கல். அண்ணாச்சிதான் வழி காட்டினாராம். இவர்கள் பொங்கல் வைத்தார்களாம். அவரும் கொஞ்சம் தள்ளி மூன்று கல்லைக் கூட்டித் தனியாக ஒரு பானை வைத்தாராம்.

"அவரு எதுக்கு வச்சாரு?"

"அது எனக்கு எப்படித் தாயி தெரியும்? வச்சாவ. அவிய பான பொங்கும்போதும் குலவ போடச் சொன்னாவ, போட்டோம்."

லிஸ்டில் அவர் பெயருக்கு எதிரே இருந்த காலியிடம் ஞாபகம் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அந்தக் கல்லு பழசா இருந்துச்சா? இல்ல, புதுசா நட்ட மாதிரி இருந்துச்சா? சுத்தி மண்ணு கிண்ணு கிளறிக் கெடந்துச்சா?" என்று கேட்டேன்.

செண்பகம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாவம், இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்பதுபோல.

"நான் கண்ண மூடிக் கும்பிட்டுட்டுல்லா நின்னேன்" என்றாள்.